ஓட்டிப் பார்த்து வாங்கிய லேப்டாப்

என் தங்கை தேவிப்பிரியாவுக்குக் கடல் எவ்வளவு ஆடினாலும் தலை சுற்றாது. பஸ்ஸில் ஏறினால்தான் வாந்தி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக் கல்லூரிக்கு, ஜன்னலோரம் எலுமிச்சம்பழமும் கையுமாகப் போய் வந்தே விலங்கியலில் பட்டம் வாங்கினாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அதுதான். நான் ஒன்பதாவதோடு நின்று படகேறியவன். அவள் பட்டம் வாங்கிய போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். கோணலாகிவிடக் கூடாதே என்று கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன்.

பிறகு தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் அதைக் காதில் கேட்டு அப்படியே டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மிஷின் மிதி போல ஒன்று இருக்கும். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். தாம்பரம் பஸ் ஒரே வருஷத்தில் அவளை எலும்பும் தோலும் ஆக்கிவிட்டது. ஆனால் அவள் வேலையில் பிழை இருக்காது. அதனால் வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று கம்பெனி சம்மதித்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். டெலிபோன் லைனில் பிராட்பேண்டும் வந்தது. பெண் உடம்பு தேறினாள்.

2008இல் மின்வெட்டு வந்தது. பகலில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாதி டைப் அடித்திருக்கும்போதே திரை கறுத்துவிடும். இரண்டு தடவை, டைப் அடித்தது கம்பெனிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு தடவை தவறினால் தாம்பரத்துக்கே வந்து உட்கார வேண்டும், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்.

தேவி போனை வைத்தாள். "அண்ணே, லேப்டாப் வாங்கணும். அது பேட்டரில ஓடும்."

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு வாங்கிடலாம்."

"பெருசு எதுக்கு? நான் இன்னா சினிமாவா பாக்கப் போறேன்? டைப் அடிக்கணும். கரண்டு இல்லாம ஓடணும். அவ்ளோதான்."

எங்கள் குப்பத்தில் படகுக்கு எஞ்சின் வாங்குவதென்றால் பங்குக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள். ஒருவன் தனியாகப் போய் வாங்கி வந்து, அது நடுக்கடலில் நின்றால் பழி முழுக்க அவன் தலையில் விழும். எல்லோரும் போனால் பழியும் பங்காகிவிடும். லேப்டாப் விஷயம் தெரிந்ததும் என் படகின் பங்குக்காரர்களான மாரி மாமாவும் கருப்பனும் மீன் ஏற்றும் வண்டியைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். பஸ் இல்லை என்றதும் தேவிக்கு முகம் மலர்ந்தது. பின்னால் காற்றாட உட்கார்ந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு குமட்டல் இல்லாமல் வந்தாள்.

கடையில் ஞானதாஸ் என்ற தம்பி எங்களைக் கவனித்தார். எனக்கு முதல் பார்வையிலேயே ஒரு பெரிய சிவப்பு லேப்டாப் பிடித்துவிட்டது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"இது பேட்டரில மூணு மணி நேரம் தாங்கும் மேடம்," என்றார் ஞானதாஸ்.

"எந்தக் கடல்ல?" என்றான் கருப்பன்.

மாரி மாமா அவனை அடக்கிவிட்டு, "தோ பாரு தம்பி, தண்ணில எறக்கி ஓட்டிப் பாக்காம நாங்க எதுவும் வாங்கனதில்ல," என்றார்.

ஞானதாஸ் பயந்துவிட்டார். "ஐயா, இத தண்ணில எல்லாம் எறக்கக் கூடாதுங்க."

தேவி சிரித்துக்கொண்டே பையிலிருந்து மிதியையும் காதில் மாட்டுவதையும் டாக்டர் பேச்சு பதிந்த பென் டிரைவையும் எடுத்து வைத்தாள். "ஒயரப் புடுங்கிடுங்க சார். நான் என் வேலைய இதுல செஞ்சு பாக்கறேன். எவ்ளோ நேரம் ஓடுதோ ஓடட்டும்." ஞானதாஸ் நாற்காலி போட்டுக்கொடுத்து எங்களுக்கு டீயும் சொன்னார்.

அவள் டைப் அடிக்க ஆரம்பித்தாள். கருப்பனுக்குப் பொறுக்கவில்லை. காதில் மாட்டுவதை வாங்கிக் கேட்டான்.

"இன்னாபா இவன், வாய் நெறைய வெத்தலய போட்டுகினு பேசறான். இதையா புரிஞ்சுகினு அடிக்கிற?"

"உன் பேச்சே புரியுது எனக்கு. இது இன்னா பெரிய கஷ்டம்?"

மாரி மாமா டீயைத் துப்பாமல் இருக்கப் பாடுபட்டார்.

சிவப்பு லேப்டாப் ஒரு மணி நேரம் ஆவதற்குள் அணைந்தது. பெரிய திரைதான் பேட்டரியைக் குடிக்கிறது என்று ஞானதாஸே சொன்னார். வழவழப்பான கீபோர்டு சாவிகளில் விரல் வழுக்குகிறது என்றாள் தேவி. அடுத்தது கொஞ்ச நேரம் கூட ஓடியது, ஆனால் மடியில் வைக்க முடியாமல் சுட்டது. ஞானதாஸுக்கும் எங்களைப் போலவே ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய், ஊர் ஊராகச் சுற்றும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்குவது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், சின்னத் திரை, அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. பேட்டரி பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. சாவிகள் மட்டும் ஆழமாக, விரல் பதியும்படி இருந்தன.

"மொகமே சரியில்லயே," என்றேன்.

"மாப்பிள்ளையாண்ணே பாக்கறோம்?" என்றாள், விரலை நிறுத்தாமல்.

நாங்கள் போய் பிரியாணி தின்று, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவளுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தோம். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதையே வாங்கினோம்.

முதல் பரீட்சை அந்த வாரமே வந்தது. மத்தியானம் கரண்டு போயிற்று. தெருவே விசிறிக்கட்டையோடு வாசலுக்கு வந்தபோது, தேவி மட்டும் உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கருப்பனையும் மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடித்து முடித்து, அனுப்பப் போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, போவல."

ஜன்னலில் இருந்த பிராட்பேண்ட் மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதுவும் கரண்டில்தான் ஓடும் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலை போய்ச் சேரக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"எஞ்சினப் பாத்துப் பாத்து வாங்கிட்டு டீசல் டேங்க வுட்டுட்டு வந்துட்டோம்," என்றான் கருப்பன்.

தேவி மோடத்தின் அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "படகுல லைட்டுக்கு வெச்சிருக்கீங்களே பேட்டரி, அது எத்தன வோல்ட்டு?"

"பன்னெண்டு."

"இதுக்கும் பன்னெண்டுதான்."

கருப்பன் கரைக்கு ஓடி பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தான். அடாப்டர் ஒயரை அறுத்தேன். எது பிளஸ், எது மைனஸ் என்று அடாப்டர் மேலே போட்டிருந்த படத்தைப் பார்த்து அவள் சொல்ல, நான் ஒன்றுக்கு மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் முறுக்கினேன். அவசரத்திலும் டேப் சுற்றாமல் விடவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. தேவி பட்டனைத் தட்டினாள். கிடைத்துவிட்டது என்று தாம்பரத்திலிருந்து பதில் வரும் வரை நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது.

பிறகும் கரண்டு வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில், கடலுக்குப் போக மாமா வலையோடு வாசலில் வந்து நின்றார்.

"தேவிம்மா, பேட்டரிய குட்தினா நாங்க கெளம்புவோம். லைட்டு இல்லாம எப்டிப் போறது?"

"அடுத்த ஃபைல் வந்துடுச்சு மாமா. கொஞ்சம் குந்துங்க, அனுப்பிட்டுத் தரேன்."

மாமா வலையை இறக்கி வைத்துவிட்டுக் குந்தினார்.