ஈஸ்ட் ஹாம் கடையில் யாரும் போடாத மாலை

போன வருடம் கியோட்டோவில் பத்து நாள் தெருமுனைக் கோயில்களைப் படமெடுத்தேன். சைக்கிள் நிறுத்தத்துக்கும் குளிர்பான இயந்திரத்துக்கும் நடுவே சிவப்புத் துணி கட்டிய ஒரு கல் சாமி, முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். படங்களைப் பார்த்த தோழி, "நம்ம சாமிங்க வெளியூர்ல எப்படிக் குடியிருக்குன்னு எடுக்க மாட்டியா?" என்றாள். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் நவம்பரில் லண்டன் போனேன். நீங்கள் நவம்பரில் போகாதீர்கள். மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிறது, நமக்கு வேலையே அப்போதுதான் ஆரம்பிக்கும்.

விம்பிள்டனில் தங்கியிருந்தேன். அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேர் வண்டி கிடைக்காவிட்டால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாற வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். நகைக்கடை, சேலைக்கடை, மளிகை என்று எல்லாக் கடையிலும் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை, அதில் பிள்ளையார், சிவப்பு பல்பு, பக்கத்திலேயே சிசிடிவி. இரண்டில் எதைக் கடைக்காரர் அதிகம் நம்புகிறார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நான் தெருப்படம் எடுக்கும்போது கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துவிடுவேன். திரையில் நிறம் தெரியாது, கவனம் சிதறாது. கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும், பிறகு கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றரை மணிக்கு ஒரு பக்கத் தெருவில் பூஜைச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். வாசல் கொக்கியில் செம்மஞ்சள் பிளாஸ்டிக் மாலைகள் தொங்கின. கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், இலங்கைத் தமிழ் பேசினார். அனுமதி கேட்டதும், "எடுங்கோ தங்கச்சி, சாமி என்ன ஓடியே போகப்போகுது?" என்றார். பலகையில் முருகன், அம்மன், ஓரத்தில் மீசை அரும்பிய ஒரு பையனின் படம். படமெடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "இவரு யாருக்கா? எப்போ தவறினாரு?"

"செத்தவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

குரல் மாறிவிட்டிருந்தது. "மாலை போட்டிருக்கேக்கா" என்று நிமிர்ந்தேன். பலகையில் இருந்த படத்தில் மாலை இல்லை. திரையில் இருந்தது, கழுத்தைச் சுற்றி மார்பு வரை. அக்கா திரையைப் பார்த்தார். அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் என்ரை தம்பி. சண்டை முடியேக்கை நாங்கள்தான் ஆமியிட்டைக் கையளிச்சனாங்கள். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை" என்றார். "ஹவுன்ஸ்லோவிலை இருக்கிற அண்ணை, வாற அமாவாசைக்கு மாலை போட்டுத் திதி குடுத்து முடிப்பம் எண்டு நிக்கிறார். ஒரு அறிகுறியும் வராமல் நான் மாலை போடன் எண்டு சொல்லிப்போட்டன்." திரையைக் கைகாட்டினார். "இது என்ன அப்ப?"

நின்ற இடத்திலிருந்தே பையனின் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. படத்தின் கண்ணாடியில் வாசல் தெரிந்தது. "அக்கா, வெளியே தொங்குற மாலைதான் கண்ணாடியில விழுந்து இப்படித் தெரியுது" என்றேன். மாலைகளைக் கழற்றி உள்ளறையில் வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துக் காட்டினேன். வெறும் கழுத்து. அவர் அதைப் பெரிதாக்கச் சொல்லி, திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகுதான் மூச்சு வந்தது.

"முதல் படத்தை அழிச்சுவிடுங்கோ."

அவர் கண்முன்னேயே அழித்தேன்.

மறுநாள் மீதிக் கடைகளுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். கொக்கி காலியாக இருந்தது. அக்கா சிரித்தபடி ஒரு பொதி வடை கொடுத்தார், காசு வாங்கவில்லை. "அண்ணைக்குச் சொல்லிப்போட்டன், ஏலாது எண்டு. அவன் வந்தால் வரட்டும்." ஆனால் நான் முந்தைய நாள் இரவே கணினியில் படங்களைத் திறந்து பார்த்துவிட்டிருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேருந்துக் கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பேருந்து இலவசம். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் கொண்டுபோங்கள். கடைக்குள் இருக்கும் படங்களைப் பார்த்து யார், எப்போது என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் மாலை இல்லாத படங்கள் நிறைய உண்டு, போடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

இன்னொன்று. என்னுடையதைப் போல இரண்டு மெமரி கார்டு போடும் கேமரா என்றால், ஒன்றில் அழித்தாலும் மற்றதில் பிரதி இருக்கும். எனக்கு அது அன்று நினைவுக்கு வரவில்லை. கணினியில் முதல் படம் நிறத்தோடு திறந்தது. சிவப்பு பல்பு சிவப்பாக, குங்குமம் குங்குமமாக, நிறம் எதுவும் பிசகவில்லை. வாசலில் தொங்கியவை எல்லாம் செம்மஞ்சள், அந்தப் பையனின் கழுத்தில் கிடந்த மாலை வெள்ளையாக இருந்தது.

அக்காவிடம் சொல்லவில்லை. வடையை வாங்கிக்கொண்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். கீழே கடைப் பலகையின் படம் ஒன்று போட்டிருக்கிறேன், அது இரண்டாவது படம்.