கரிமூட்டம் என்று நான் அழித்த வீடுகள்

எங்கள் கல்லூரியில் வரைபடக் குழு என்று ஒன்று உண்டு. வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, எங்கோ இருக்கிற நாட்டின் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, தெரிகிற வீட்டையும் பாதையையும் சுற்றிக் கோடு போட வேண்டும். அதை வைத்துத்தான் அந்தந்த ஊர் ஆட்கள் தடுப்பூசிக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கிளம்புவார்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் வழி கேட்கிற நான், உலகத்துக்கு வழி காட்டிய கதை இது.

கொஞ்ச நாளில் புதியவர்கள் வரைந்ததைத் திருத்தும் பொறுப்பும் வந்தது. அதற்கப்புறம் என் நடையே மாறிவிட்டதாக லேபில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஆப்பிரிக்காவில் ஒரு வறண்ட பகுதி. மழைக்கு முன்னால் வீடு வீடாகக் கொசுவலை கொடுக்க வரைபடம் கேட்டிருந்தார்கள். நான் திருத்த வேண்டிய கட்டத்தில் யாரோ புது ஆள் வட்ட வட்டமாக வீடு வரைந்து வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் தெரிந்தது சாம்பல் நிறம், உருண்டை, சுற்றிலும் முள்ளுக்காடு. அபிராமத்துப் பக்கத்துப் பிள்ளையான எனக்கு இது தெரியாதா? சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து எங்கள் அய்யா போடுகிற கரிமூட்டம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றாக அழித்தேன். 'இவை வீடுகள் அல்ல, கரிமூட்டங்கள். நான் கரி போடுகிறவர் மகன்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு வேறு எழுதினேன். லேப் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன்.

மறுநாள் மதியம், குழுவை நடத்தும் ராமேஸ்வரத்து அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். என் குறிப்புக்குக் கீழே அந்த நாட்டு மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். 'சார், அவை வீடுகள்தான். கிணற்றை ஒட்டி இருப்பது என் அம்மாவுடையது. நாளைக் காலை வலை கொண்டுபோகிறவர்கள் இந்த வரைபடத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். அதற்குள் திரும்பப் போட முடியுமா?'

வாழ்க்கையில் என்னை முதன்முதலாக சார் என்று கூப்பிட்டவன். அவன் அம்மா வீட்டை அழித்ததற்குக் கிடைத்த மரியாதை.

படம் தெளிவில்லை, மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று ஏதோ ஆரம்பித்தேன். அக்கா வட்டங்களைப் பெரிதாக்கினார்.

"ஏலே, ஒங்க ஊருல மூட்டத்துக்கு மூட்டம் பாதை போட்டா வச்சிருக்கீக?"

ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் கிணற்றுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை ஓடியது. முந்தின நாளும் அதைப் பார்த்தேன். சிரிக்கிற அவசரத்தில் யார் நடந்த தடம் என்று யோசிக்கவில்லை.

அழித்ததையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாக வரைந்தோம். பாதிக் கட்டத்தை அக்கா எடுத்துக்கொண்டார். என் ஊருக்குக் கடைசி பஸ் போயே போய்விட்டது. யாராவது கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன், ஒருத்தரும் செய்யவில்லை. கிணற்றோரத்து வட்டத்தை மட்டும் பலமுறை திருத்தினேன், ஏதோ கூரை வேய்கிறவன் மாதிரி.

சில நாளில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. குனிந்து நுழைகிற வாசல், அதன் முன்னால் மடித்த கொசுவலையை அணைத்தபடி அவன் அம்மா. நன்றி சொல்லிவிட்டு, கரிமூட்டம் எப்படி இருக்கும், ஒரு போட்டோ அனுப்புங்கள் சார் என்று கேட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அய்யா மூட்டம் போட்டிருந்த இடத்துக்குப் போனேன். மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. போனை நீட்டியதும் அய்யா, "எதுக்குலே இதைப் போட்டோ பிடிக்கிற?" என்றார். காலேஜ் வேலை என்றேன். உடனே தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

படம் என் போனில்தான் இருக்கிறது. அடியில் 'இது வீடு அல்ல, கரிமூட்டம்' என்று மறுபடியும் நானே எழுத வேண்டும். இன்னும் அனுப்பவில்லை.