யாரும் எழுதாத பன்னீர் திராட்சை

போன மாதம் மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே, நாற்பத்தாறு வயதில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறேன். நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை, பறித்த பிறகு கொத்திலிருந்து ஏன் பொலபொலவென்று உதிர்கிறது... இதுதான் என் கேள்வி. தலைப்புக்கு மதுரையில் ஒரு கமிட்டி ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் ஆறு மாதம் வீண். அதற்குமுன், இதைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துத் தொகுக்க வேண்டும். லிட்ரேச்சர் ரிவ்யூ என்பார்கள்.

தேடினேன். 'பன்னீர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். வந்ததெல்லாம் பனீர்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்? பால் திரிவது, பனீர் உதிர்வது, பனீரைக் கெடாமல் வைப்பது... நம்ம திராட்சையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் குதித்தேன். உலகத்திலேயே நான்தான் முதல் ஆள்! அறிக்கையின் முதல் வரியில் 'இதுவரை எவரும் ஆராயாத பொருள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். உத்தமபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாவிடமும் சொன்னேன்.

நாலாம் நாள் பெரியகுளம் பக்கம் ஒரு நூலகத்துக்குப் போனேன். தேட அல்ல — இல்லை என்று உறுதி செய்துகொள்ள! நூலகர் பரீதா கம்பத்துக்காரர். வீட்டில் திராட்சைத் தோட்டம் உண்டு. என் முதல் வரியைப் படித்தவர், என்ன பேர் போட்டுத் தேடினேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பன்னீருங்கிறது நம்ம வச்ச பேரு டீச்சர். வெளியில அதுக்கு மஸ்கட் ஹாம்பர்க்னுல்ல பேரு? அந்தப் பேர்லதான எழுதியிருப்பாக."

தாவரவியல் டீச்சருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து கூப்பிட்ட பேர் இருக்கும்போது, பாடப் புத்தகத்துப் பேர் நினைவுக்கு வருமா?

பரீதா தட்டினார். பக்கம் பக்கமாக வந்தது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதிக் குவித்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கமிட்டிக்கு இன்னும் ஒன்பதே நாள்!

அவர் டீ வரவழைத்தார். ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொன்னார். அங்கே, அதை எழுதியவர் படித்த கட்டுரைகளின் பட்டியல். அவற்றின் கடைசிப் பக்கத்தில் இன்னும் பட்டியல்கள்... ஒரு கல்யாணத்துக்குப் போனால் மொத்தச் சொந்தமும் அகப்படுகிற மாதிரி.

நோட்டில் கட்டம் போட்டேன். என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், எதை விட்டார்கள். ஒருவர் குளிரில் வைத்துப் பார்த்திருந்தார். இன்னொருவர் பழம் அடுக்கும் பெட்டியை மாற்றியிருந்தார். இரண்டு பேர் சண்டையே போட்டிருந்தார்கள் — அடிதடி இத்தனை நாகரிகமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நூலகம் போனதிலிருந்து ஆறாம் நாள் கணக்குப் பார்த்தால் நாற்பத்தொரு பேர். 'எதை விட்டார்கள்' கட்டத்தை மேலிருந்து கீழே படித்தேன். சாரலில் நனைந்துகொண்டே பறித்த கொத்து என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை!

எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரே அறுவடை. சாரல் மாதத்திலும் பறித்து லாரி ஏற்றுவது நாம்தானே?

அந்த முதல் வரியை அடித்துவிட்டேன்.

கமிட்டியில் தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கு முன்னாடி யாரும் இதைச் செஞ்சதில்லையா?"

"நாப்பத்தொரு பேரு செஞ்சிருக்காக சார். சாரலை மட்டும் எனக்கு விட்டு வச்சிருக்காக."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மதுரையிலிருந்து ஆண்டிபட்டி வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் ஆளாக இருந்தால் பெருமைதான். நாற்பத்திரண்டாவது ஆளுக்கோ... பேச்சுத் துணை இருக்கிறது!