வயிற்றைப் பார்த்து நின்ற பத்து நிமிடம்

மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்திடம் உறுப்பு தானம் கேட்பது என் வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகள். இரண்டும் முடிந்து, ஆள் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் வாயைத் திறக்க வேண்டும். அன்று முந்திரிக்கொட்டை மாதிரி முதல் சோதனை முடிந்ததுமே திறந்துவிட்டேன். அதுவும் ஆண்களிடம்.

அடிபட்டவர் நெட்டப்பாக்கம் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தவர். பைக்கில் போகும்போது லாரி மோதித் தலையில் காயம். ஐ.சி.யு. வாசலில் நின்ற அவர் அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

"இன்னா பேசற நீ? நெஞ்சு ஏறி எறங்குது, ஒடம்பு சூடா கீது. உசுரோட அறுக்கச் சொல்றியா?"

அவர் கோபத்தில் தப்பே இல்லை. மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பக்கம் சாவுக் காரியமென்றால் ஆண்கள்தான் பேசுவார்கள் என்று பழகிப்போயிருந்தேன். பெண்ணாகப் பிறந்தும் எனக்கு இந்தப் புத்தி.

மதியம் அவளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, மறுபடி டெஸ்ட்டு பண்ணுவாங்களாமே. நான் கூட நின்னு பாக்கறேன்."

வழக்கமாக யாரையும் விடமாட்டோம். டாக்டரிடம் கெஞ்சி அழைத்துப் போனேன். மெஷின் தரும் மூச்சை நிறுத்தி, குழாயில் ஆக்சிஜன் மட்டும் விட்டு, அவராக மூச்சு இழுக்கிறாரா என்று பார்ப்பார்கள். பத்து நிமிடம் ஆகும். அவள் கணவனின் வயிற்றையே பார்த்தபடி நின்றாள். சற்று நேரத்தில் அவள் கன்னம் உப்பி, முகம் சிவந்துவிட்டது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "விடும்மா" என்று முதுகைத் தடவினேன். விட்டாள். மறுபடி அடக்கினாள். படுத்திருந்தவர் வயிறு அசையவே இல்லை.

அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் அவளிடம் நேராகவே சொன்னார். வெளியே வந்ததும் கணவனின் அண்ணன், "இன்னாம்மா ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

"அவரு கூட நானும் மூச்ச அடக்கிப் பாத்தேன் மாமா. என்னால முடியல, வுட்டுட்டேன். அவரு ஒருவாட்டி கூட இழுக்கல."

அண்ணன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமாகிட்ட கேட்டத என்கிட்ட கேளுக்கா" என்றாள்.

கேட்டேன்.

"குடுக்கறேன். யாராச்சும் மூச்சு வுட்டுக்கினு இருக்கட்டும்."