வேண்டாம் என்றார் கியூமர்ஸ் வாத்தியார்

என் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் கியூமர்ஸ் வாத்தியார் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாரசீக இலக்கணம் நடத்தி வந்தார். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில். எங்கள் ஷிராஸ் நகரம் உருப்படாமல் போனதே இதை மறந்ததால்தான் என்பது அவர் கணக்கு. "போறேன் வீட்டுக்கு" என்று நான் சொன்னால் பல்வலிக்காரர் போல முகம் சுளிப்பார். "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று என்னைச் சொல்லவைத்துவிட்டுத்தான் ரொட்டியை வாங்குவார். வரிசையில் நிற்பவர்களுக்குப் பசித்தால் அதற்கு இலக்கணம் என்ன செய்யும்?

போகப்போக ஆள் குறைந்து, ஒரே ஒரு ஜப்பான்காரர் மிஞ்சினார். அவருக்கும் அடிக்கடி வயிற்றுவலி. அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் பழைய மாணவி ஹெல்கா, ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே மொழிப்பள்ளி தொடங்கினாள். தலைமை வாத்தியார் வேலை தனக்குத்தான் என்று மனிதர் கோட்டுக்கு இஸ்திரி மேல் இஸ்திரி போட்டார்.

ஒரு காலையில் வாத்தியார் ரொட்டி வாங்க நின்றபோது அவள் கடைக்கே வந்தாள்.

"ஐயா, எங்கள் பள்ளியை நீங்கள்தான் நடத்த வேண்டும்."

வினை கடைசியில். வாத்தியார் முகம் மலர்ந்தது. ஆனால் பிறவிப் பழக்கம் விடுமா? டீ நீட்டினாலே இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவதில் கை நீட்டுகிற ஊர் இது. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

"எனக்கு என்னம்மா தகுதி இருக்கு? பெரியவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. வேண்டாம்மா."

"சரி ஐயா. தொந்தரவுக்கு மன்னியுங்கள்."

கிளம்பிவிட்டாள். வாத்தியார் குனிந்தபடியே அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா வாத்தியாரே."

"திரும்பக் கேக்கணும்யா! இதுகூடவா தெரியாது?"

"எந்தப் பாடத்துல நடத்துனீங்க?"

முறைத்தார். பிறகு ஓடினார். அண்டைவீட்டு அக்கறையில் நானும் கையிலிருந்த ரொட்டியோடு பின்னால் ஓடினேன். இதை யார் விடுவார்கள்? பேருந்து நிறுத்தத்தில் பிடித்தோம்.

"எனக்கு வேணும்மா! அந்த வேலை எனக்கு வேணும்!"

நடுத்தெருவில் ஒருவர் துணியை அவிழ்த்ததுபோல அங்கிருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அப்புறம் ஏன் வேண்டாம் என்றீர்கள்?"

"அது மரியாதைம்மா."

ஹெல்கா நெற்றியில் கை வைத்தாள். "உங்களுக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டேன். எல்லோருக்கும் தகுதி இல்லையாம். இந்த ஊரில் யாருக்குமே வேலை பிடிக்காது என்று நினைத்தேன்."

மூன்று பேருக்கு அப்புறம்தான் தான் என்பதை வாத்தியார் மெதுவாக விழுங்கினார்.

"சனிக்கிழமை வந்துவிடுங்கள் ஐயா."

அவர் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போனது. "உங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்..."

ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் வாயில் திணித்தேன்.

"வர்றாரும்மா" என்றேன்.