பூனைக்கு எடுத்த இரண்டு எக்ஸ்ரே

எங்கள் வெள்ளைப் பூனை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து புறா மேல் பாய்ந்தது. புறா பறந்துவிட்டது. பூனைக்கு அந்த வசதி இல்லை. கீழே ஓடிப் பார்த்தால், ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் பதறவில்லை. விபூதியைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அதன் இடுப்பில் பட்டை போட்டேன். அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, மருமகளோடு ஆட்டோவில் ஏறினேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. வைத்தியத்தில் மட்டும் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

அடையாற்றில் இருந்த மிருக டாக்டர் சின்னப் பெண். முதலில் வயிற்றில் கொஞ்சம் முடியை வழித்து, ஸ்கேன் கருவியை வைத்துத் தேய்த்தாள்.

"இன்னாம்மா தேடுற? முழுங்கின எலியா?"

"உள்ள ரத்தம் கசிஞ்சா கறுப்பா தெரியும் பாட்டி. நல்லவேளை, ஒண்ணும் இல்ல. மூத்திரப்பையும் உடையல."

வலிக்கு ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இடுப்பெலும்பு நொறுங்கின மாதிரி இருக்கு. பாருங்க, எவ்வளவு துண்டு. பெரிய ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் நடக்குமான்னு தெரியல."

மருமகள் அழ ஆரம்பித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். வெள்ளைத் துண்டுகள் மூன்று வரிசையாக நின்றன. எலும்பு கோடு போட்டுக்கொண்டா உடையும்?

"டாக்டரு, அது எலும்பு இல்ல. நான் போட்ட பட்டை."

"என்ன பட்டை?"

"விபூதிம்மா. அதுவும் வெள்ள, பூனையும் வெள்ள. நீ இன்னா பண்ணுவ பாவம்."

டாக்டர் பூனையின் இடுப்பு முடியைத் தடவினாள். விரலெல்லாம் சாம்பல்.

"ஐயோ அத்தை!" மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள்.

ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, இன்னொரு படம் எடுத்தார்கள். அதற்குள் நானும் சாமிக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"ஒரே ஒரு விரிசல் பாட்டி. மூட்டு நல்லா இருக்கு. ஆபரேஷன் வேணாம். ஆறு வாரம் கூண்டுலயே படுத்திருக்கட்டும்."

"பாத்தியா, விபூதி வேலை செஞ்சிடுச்சு."

"இனிமே நெத்தியோட நிறுத்திக்குங்க!"

ஆறு வாரம் கழித்துக் கூண்டைத் திறந்தோம். பூனை எழுந்தது. இடுப்பை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் நடந்தது, என் மீன் குழம்புச் சட்டியில் வாயை வைத்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் விரட்டவில்லை.