உப்புத் தண்ணீர்ப் புட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம் மும்பையில் நடந்தது. எனக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து, சிவந்து, சீழ் வைத்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஆறவில்லை. புற்றுநோயோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாட்டுங்காவில் ஒரு டாக்டர் ஊசி செலுத்திச் சதைத் துணுக்குகள் எடுத்தார். அவற்றை இரண்டு சின்னப் புட்டிகளில் போட்டு, செம்பூரில் உள்ள லேபில் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றில் மூக்கை எரிக்கும் மருந்து, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு இரண்டு என்று கேட்க நினைத்தேன். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுபோனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். முன்பு தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவன் நான். பச்சைத் தோல் தண்ணீரில் கிடந்தால் எவ்வளவு சீக்கிரம் நாறும் என்று தெரியும். இந்தத் துணுக்கும் கெட்டுவிடும் என்று பயந்து, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் இருந்ததையும் மருந்துப் புட்டிக்குள் போட்டுவிட்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

லேபில் தமிழ் பேசும் ஒரு அம்மா புட்டிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே?"

டாக்டர் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"என்ன காரியம் பண்ணிட்டேள்! கேன்சரான்னு பாக்க இந்த மருந்துல இருக்கறது போறும். ஆனா என்ன கிருமி, எந்த மாத்திரைக்கு அடங்கும்னு தெரியணும்னா, அதை உயிரோட வளத்துப் பாக்கணும். இதுல விழுந்தா ஒண்ணும் பொழைக்காது."

அவரே டாக்டருக்குப் போன் செய்தார். மறுபடியும் ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். மனைவி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "என்னையும் ஆட்டுத்தோலுன்னு நெனச்சுப் பதம் போட்டுட்டியளோ?" என்றாள். "குத்து எனக்குல்லா? நீங்க எதுக்கு அழுவுதிய?"

இரண்டாம் முறை, அதே பெண்கள் கூட்டத்தின் நடுவில் நின்று டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். இது எவ்வளவு நேரம் தாங்கும்? எப்படிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்? ரயில் நின்றால் என்ன செய்வது? அவர் பொறுமையாகச் சொன்னார். அன்றும் மழைதான். ரயிலை நம்பாமல், புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு செம்பூர் வரை நடந்தேன்.

புற்றுநோய் இல்லை. காசநோய்க் கிருமி. அது மார்பிலும் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறவிடாமல் எடுத்துக் கொடுத்தேன். கட்டி முழுக்க ஆறிவிட்டது.

என் கூச்சத்துக்கு ஊசி வாங்கியது அவள் உடம்பு என்பதால், இப்போதெல்லாம் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும், எனக்குப் புரியும்வரை கேட்காமல் நகர்வதில்லை.